எல்லைக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே பாறைதான், கணக்கு வேறு

எண்ணெய், எரிவாயு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "கோர் எல்லாம் ஒண்ணுதான், மாநிலத்துக்கு ஒரு ரிப்போர்ட் டெம்ப்ளேட் போட்டுக்கலாம்." சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்க ஆபரேட்டர்களின் உற்பத்திக் கணக்கு மென்பொருளில் வேலை பார்க்கிற எனக்கு இதைக் கேட்டாலே பகீரென்கிறது. கடைசியில் அச்சாகும் படிவத்துக்கு வெகு முன்பே, எதை எந்த அளவில் சேமிக்கிறோம் என்கிற இடத்திலேயே மாநிலச் சட்டம் உள்ளே வந்துவிடுகிறது. டேட்டாபேஸ் வடிவம் முடிவான பிறகு சட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிற ப்ராஜெக்ட்டில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

பெர்மியன் படுகையையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் எண்ணெய் அதிகம் வருவது இங்கிருந்துதான். மேற்கு டெக்ஸாஸிலும் நியூ மெக்சிகோவின் தென்கிழக்கு மூலையிலும் பரந்து கிடக்கிறது. பூமிக்கு அடியில் ஒரே பாறை. மேலே மாநில எல்லை. ஒரே நிறுவனத்துக்கு இரண்டு பக்கமும் கிணறுகள் இருப்பது சாதாரணம்.

டெக்ஸாஸ் பக்கம் கணக்குக் கேட்பது ரயில்ரோடு கமிஷன். 1891-இல் ரயில் கட்டணங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய அமைப்பு. 2005-இல் கடைசி ரயில் பொறுப்பும் கைமாறிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. (புதிதாக டீமில் சேர்கிறவர்கள் இதைத் தப்பான டாக்குமென்ட் என்று நினைத்து மூடிவைப்பதுண்டு.) அங்கே மாத உற்பத்தி அறிக்கையில் எண்ணெய்க் கணக்கு லீஸ் (எண்ணெய் எடுக்கக் குத்தகைக்கு எடுத்த நிலப்பகுதி) வாரியாகப் போகும். ஒரு லீஸில் பத்துக் கிணறு இருந்தாலும் ஒரே எண். எரிவாயுக் கிணறு என்றால் கிணற்றுக்கு ஒரு தனி அடையாள எண். எது எண்ணெய்க் கிணறு, எது வாயுக் கிணறு? ஒரு பேரல் எண்ணெய்க்கு 1,00,000 கன அடிக்கு மேல் வாயு வந்தால் வாயுக் கிணறு. காலப்போக்கில் இந்த விகிதம் மாறலாம். வகை மாறினால் அறிக்கையில் அந்தக் கிணற்றின் அடையாளமே மாறும்.

எல்லையைத் தாண்டினால் நியூ மெக்சிகோவின் சி-115 படிவம் கிணறு வாரியாக, எந்த எண்ணெய் அடுக்கில் இருந்து வந்தது என்பதையும் சேர்த்துக் கேட்கும். அங்கே மத்திய அரசு நிலமும் ஏராளம். அந்த நிலத்துக் கிணறு என்றால் ஓஎன்ஆர்ஆர் என்கிற மத்திய ராயல்டி (நில உரிமையாளருக்குத் தரும் உற்பத்திப் பங்கு) அலுவலகத்துக்கும் தனியாக ஒரு மாத அறிக்கை உண்டு. டெக்ஸாஸ் கணக்கு அடுத்த மாதக் கடைசிக்குள் போக வேண்டும், மற்ற இரண்டுக்கும் அதற்கு அடுத்த மாதம் 15 வரை நேரம் இருக்கிறது.

இப்போது டெக்ஸாஸ் வாடிக்கையாளருக்காக லீஸையே கடைசி அலகாக வைத்து டேபிள் போட்டுவிட்டால், நியூ மெக்சிகோவுக்கு என்ன டெம்ப்ளேட் போட்டும் பயனில்லை. இல்லாத தகவலை எந்தப் படிவமும் உண்டாக்கித் தராது. கிணற்றுக்கும் கீழே, அடுக்கு வாரியாகச் சேமித்து, தேவைக்கேற்ப மேலே கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி. வேலை கூடும், வயலில் இருந்து வரும் தரவும் கூடும். சரி, கூடட்டும்.

இதைவிட மோசமான பொறி ஒன்று எரிவாயு அளவில் இருக்கிறது. வாயுவின் கன அளவு அழுத்தத்தைப் பொறுத்தது, அதனால் எந்த அழுத்தத்துக்குக் கணக்கிட்டது என்று சொல்லாமல் கன அடி என்பதற்கே பொருள் இல்லை. டெக்ஸாஸ் சட்டப்படி அந்த அடிப்படை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.65 பவுண்டு. நியூ மெக்சிகோவில் 15.025. ஓஎன்ஆர்ஆர் கேட்பது 14.73. டெக்ஸாஸ் கணக்கில் 1,00,000 கன அடி என்று எழுதும் வாயு, மத்திய அறிக்கையில் சுமார் 99,457 ஆகும், நியூ மெக்சிகோ கணக்கில் சுமார் 97,504 ஆகும். ஒரு மூலக்கூறுகூட எங்கும் கசியவில்லை. ஆனால் இரண்டரை சதவீதம் காணாமல் போனதுபோல் தெரியும். எண்ணுக்குப் பக்கத்தில் அடிப்படை அழுத்தத்துக்கு ஒரு நெடுவரிசை இல்லாத டேபிளைப் பார்த்தால், யார் எழுதியிருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். மாநிலத்தை வைத்து யூகித்துக்கொள்ளலாம் என்பார்கள். வாயு வாங்கும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் வேறு அழுத்தம் இருக்கலாம், யூகம் அங்கேயே உடையும்.

அப்புறம் தேதி. மத்திய அரசு நிலத்தில் புதிய லீஸ்களுக்கான குறைந்தபட்ச ராயல்டி நெடுங்காலம் 12.5 சதவீதமாக இருந்தது. 2022 ஆகஸ்டில் வந்த சட்டம் அதை 16.67 ஆக்கியது. 2025 ஜூலையில் வந்த சட்டம் மறுபடி 12.5-க்கு இறக்கியது. இடைப்பட்ட காலத்தில் கொடுத்த லீஸ்? விகிதம் லீஸோடு ஒட்டிக்கொண்டு போகும். எனவே "மத்திய ராயல்டி" என்று ஒரே ஒரு செட்டிங் வைத்து, சட்டம் மாறும்போது அந்த எண்ணை மாற்றுவது சுத்தத் தப்பு. அமைப்பின் பெயர்கூட நிரந்தரம் கிடையாது. கொலராடோவின் எண்ணெய் எரிவாயு ஆணையம் 2023 ஜூலை முதல் வேறு பெயரில் இயங்குகிறது.

நம்மூர் டெவலப்பர்களுக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு ஒரு நாடு ஒரு வரி என்கிற எண்ணம் மனதில் பதிந்துவிட்டது, மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும் என்பது எளிதில் தோன்றுவதில்லை. கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஐந்தும் இன்னும் அதற்கு வெளியே, மாநில வாட் வரியில்தான் இருக்கின்றன என்று சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள்.

இதற்கெல்லாம் மருந்து என்று இன்னொரு கூட்டம் ரூல் எஞ்சினை, அதாவது விதிகளை அமைப்புகளாகவே பதிந்து இயக்கும் மென்பொருளை, தூக்கிக்கொண்டு வரும். எல்லாமே கான்ஃபிகரேஷன், கோடே தொட வேண்டாம் என்பார்கள். அதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. விகிதம், தேதி, அழுத்தம் இவை டேபிளில் இருக்கட்டும். கணக்கிடும் முறையை கோடாகவே எழுதி, மாநிலத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்து, டெஸ்ட் போட்டு வைப்பதுதான் நல்லது. ஏனென்றால் சில விதிகள் எண்ணை மாற்றுவதோடு நிற்பதில்லை. நியூ மெக்சிகோ 2021-இல் கொண்டுவந்த விதி, 2026 முடிவுக்குள் வாயுவில் 98 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும் என்கிறது. வெளியேவிட்ட அல்லது எரித்த வாயு 50,000 கன அடியைத் தாண்டினாலோ 8 மணி நேரம் நீடித்தாலோ தனியாக அறிவிக்க வேண்டும். எப்போது ஆரம்பித்தது, எதனால், எவ்வளவு என்பதை வயலில் நிற்கிற ஆள் அன்றைக்கே பதிந்தால்தான் உண்டு. அதற்குப் புதுத் திரை வேண்டும், அவருடைய வேலை முறையே மாற வேண்டும். எந்த ரூல் எஞ்சினும் இதைச் செய்து தராது.

இந்த விவரமெல்லாம் விரல் நுனியில் இருப்பவர் வாடிக்கையாளர் அலுவலகத்தின் உற்பத்திக் கணக்காளர். ஆனால் நான் பார்த்தவரை, அவரைக் கடைசிக்கட்ட டெஸ்டிங்குக்குத்தான் கூப்பிடுகிறார்கள். முதல் கூட்டத்துக்கு விற்பனைக்காரரும் ஆர்க்கிடெக்ட்டும் வருவார்கள், இவர் வரமாட்டார்.

வாங்குகிற இடத்தில் இருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், டெமோவில் டாஷ்போர்டைப் பார்த்து நேரத்தைச் செலவிட வேண்டாம். மத்திய லீஸ்களின் ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும், தணிக்கையில் பழைய மாதங்களைத் திருத்தச் சொல்வது சகஜம். அதனால் 2021-இன் ஏதாவது ஒரு மாதத்தில் ஒரு கிணற்றின் மீட்டர் அளவை மாற்றி, அந்த மாதத்துத் திருத்தப்பட்ட அறிக்கையை உங்கள் கண் முன்னாலேயே எடுக்கச் சொல்லுங்கள். அன்றைய விதிப்படி வருகிறதா, இன்றைய விதிப்படி வருகிறதா என்று பாருங்கள்.