மேய்ப்பவர் இருந்தால்தான் நடப்பவருக்கு வழி

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில், டாவிஸ்டாக் என்ற ஊரின் கடைசி வீடுகளைத் தாண்டியதும் சாலை மேடேறத் தொடங்குகிறது. ஆடுமாடுகள் ஊருக்குள் இறங்கிவிடாமல் இருக்கச் சாலையின் குறுக்கே பதித்திருக்கும் இரும்புக் குழாய்களின் மேல் வண்டி கடகடவென்று ஏறி இறங்கிய பிறகு இருபுறமும் வேலி இல்லை, மதில் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் புல். இதற்கு விட்சர்ச் டவுன் என்று பெயர். ‘டவுன்’ என்றால் இங்கே நகரம் அல்ல, ஆடுகள் கறம்பிக் கறம்பிக் கம்பளம்போல் ஆக்கிவிட்ட மேட்டுப் புல்வெளி. இதற்குக் கிழக்கே இன்னும் உயரத்தில் விட்சர்ச் காமன் இருக்கிறது. அங்கே மண் கறுத்து, கரடுமுரடான புல்லும் புதரும் சதுப்பும் கருங்கல் குன்றுகளுமாக நிலம் மாறிவிடுகிறது, அதுதான் ‘மூர்’. இரண்டும் டார்ட்மூர் தேசியப் பூங்காவின் மேற்கு விளிம்பில் உள்ள பொதுநிலங்கள். பிளிமத்தில் குடியேறிய நாளிலிருந்து ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் இங்கே நடந்து வருகிறேன். இந்த நிலத்தைப் பற்றி நம்மிடையே நிலவும் ஒரு தவறான எண்ணத்தைக் குறித்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

பொதுநிலம் என்றதும் அது யாருக்கும் சொந்தமில்லாதது, அல்லது அரசுக்குச் சொந்தமானது என்று நினைத்துக்கொள்கிறோம். நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கை மனத்தில் வைத்துப் பார்ப்பதால் வரும் எண்ணம் அது. இங்கிலாந்தின் ‘காமன்’ அப்படிப்பட்டதல்ல. ஏறத்தாழ ஒவ்வொரு பொதுநிலத்துக்கும் ஓர் உரிமையாளர் இருக்கிறார். அவர் ஒரு பிரபுவாகவோ, அறக்கட்டளையாகவோ, தனி மனிதராகவோ இருக்கலாம். பொதுவாக இருப்பது நிலம் அல்ல, அதன் மேல் மற்றவர்களுக்கு உள்ள உரிமை. சுற்றியுள்ள பண்ணைகளுக்கு அங்கே ஆடு, மாடு, குதிரை மேய்க்கும் உரிமை உண்டு. அடுப்பெரிக்கக் கரி மண் வெட்டும் உரிமை, விறகும் பெரணித் தழையும் எடுக்கும் உரிமை, பன்றிகளைக் கருவாலிக் கொட்டை பொறுக்க விடும் உரிமை, மீன் பிடிக்கும் உரிமை, மணலும் கல்லும் அள்ளும் உரிமை என்று ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் தனித்தனிப் பெயரே இருக்கிறது.

எத்தனை கால்நடைகளை விடலாம் என்பதற்கு இருந்த பழைய விதி எனக்கு மிகவும் பிடித்தது. குளிர்காலத்தில் உன் சொந்த நிலத்தில் எத்தனை உருப்படிகளைத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில் பொதுநிலத்துக்கு ஓட்டலாம். சொந்த நிலத்தின் அளவே பேராசைக்கு வரம்பாக இருந்தது. 1965இல் வந்த பொதுநிலப் பதிவுச் சட்டம் இந்த உரிமைகளையெல்லாம் எண்ணிக்கையாகப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. காலக்கெடுவுக்குள் பதியாமல் விட்ட உரிமைகள் செல்லாமல் போயின.

இந்த உரிமைகள் ஏட்டளவில் மட்டும் இருந்திருந்தால் நிலம் தப்பியிருக்காது. 1604 முதல் 1914 வரை நிலத்தை வேலியிட்டுத் தனியுடைமையாக்கிய 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள் வழியாக ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் நிலம் வேலிக்குள் போனது; அது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். இன்று இங்கிலாந்தில் பொதுநிலமாக எஞ்சியிருப்பது சுமார் மூன்று விழுக்காடு. டார்ட்மூரில் மட்டும் பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பொதுநிலமாக நிலைத்திருக்கிறது. மண் உழவுக்கு ஆகாதது என்பது அதற்கு ஒரு காரணம். அந்த உரிமையைத் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாமல் கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டே இருந்த மனிதர்கள் இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை, நடக்கப் போகும் நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

சென்ற மே மாதம் ஒரு நாள் முழுவதும் அங்கே நடந்தேன். கோர்ஸ் புதர்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. வெயில் ஏறியதும் அந்தப் பூவிலிருந்து தேங்காய் மணம் வரும்; முதன்முறை முகர்ந்தபோது பக்கத்தில் யாரோ தேங்காய் துருவுகிறார்கள் என்றே தோன்றியது. பியூ டோர் என்ற குன்றின் உச்சியில், அடுக்கி வைத்ததுபோல் கிடக்கும் கருங்கற்களின் மேல் அமர்ந்தால், வானம் தெளிந்த நாளில் தெற்கே பிளிமத்தின் கடல் தெரியும். அந்தக் கல்லில் கைவைத்துப் பார்த்தால் விரல்நகம் அளவுக்கு வெள்ளைப் படிகங்கள் துருத்திக்கொண்டு நெருடும். ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் மெல்ல மெல்ல ஆறி இறுகிய பாறை என்பதால்தான் படிகங்கள் இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கின்றன. தலைக்கு மேல் ஒரு வானம்பாடி, கண்ணுக்குப் புலப்படாத உயரத்தில், மூச்சு விடாமல் பாடிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து ஃபெதர் டோரைக் கடந்து இறங்கினால் விண்டி போஸ்ட் என்னும் கல் சிலுவை நிற்கிறது. டாவிஸ்டாக்கிலிருந்து ஆஷ்பர்ட்டனுக்கு மூரைக் கடந்து போனவர்களுக்கு வழிகாட்டிய சிலுவை அது. ஆளுயரத்துக்கு மேலான ஒற்றைக் கருங்கல். காற்றுக்கு ஒதுங்குவதுபோல் சற்றே சாய்ந்திருக்கும். படம் எடுப்பவர்கள் எல்லோரும் சிலுவையைத்தான் எடுக்கிறார்கள். நான் அதன் காலடியில் ஓடும் வாய்க்காலைப் பார்க்கச் சொல்வேன். வாக்கம் ஆற்றிலிருந்து பண்ணைகளுக்கு நீர் கொண்டுபோக வெட்டிய கிரிம்ஸ்டோன் சார்ட்ரிட்ஜ் வாய்க்கால் அது. அகலம் ஓர் எட்டுக்குள்தான். கரையில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அதன் நடுவே வட்டமாக ஒரு துளை. அந்தத் துளை வழியாக எவ்வளவு நீர் போகுமோ அவ்வளவுதான் கிளை வாய்க்காலுக்கு. மடையை அகலத் திறந்துகொள்ள யாராலும் முடியாது, கல்லில் போட்ட கணக்கை மாற்றவும் முடியாது. நான் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். விறைக்கும் குளிரில் நீர் விரல்களைத் தள்ளிக்கொண்டு போனது. இந்த நிலத்தின் சட்டம் முழுவதையும் ஒரே கல்லில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒவ்வொருவருக்கும் அளவு உண்டு.

அதே இடத்தில் நின்று கிழக்கே பார்த்தால் விக்சன் டோர் தெரியும். மேற்கு டார்ட்மூரின் மிக அழகான பாறை அதுதான் என்பது என் கருத்து. ஆனால் அது பொதுநிலத்தின் மதிலுக்கு அப்பால், தனியார் நிலத்தில் இருக்கிறது. முன்பு உரிமையாளரின் இசைவோடு மக்கள் அங்கே போய்வந்தார்கள். 2003இல் அந்த இசைவு முடிவுக்கு வந்தது. இசைவு என்பதும் உரிமை என்பதும் ஒன்றல்ல என்பதை ஒரு மதிலின் இருபுறமும் நின்று உணர வேண்டுமானால் இங்கே வர வேண்டும்.

நடப்பவருக்கு உரிமை என்பதே மிக அண்மையில் வந்தது. காலங்காலமாக மக்கள் டார்ட்மூரில் நடந்தார்கள், யாரும் பெரும்பாலும் தடுக்கவில்லை, அவ்வளவுதான். 1985இல் இயற்றப்பட்ட டார்ட்மூர் பொதுநிலச் சட்டம்தான், திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காக நடந்தும் குதிரை மேலும் செல்லும் உரிமையைப் பொதுமக்களுக்கு எழுத்தில் தந்தது. மேய்ச்சல் உரிமையாளர்களின் மன்றத்தை அமைத்ததும் அதே சட்டம்தான். நடப்பவரின் உரிமையும் மேய்ப்பவரின் பொறுப்பும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டவை என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் திறந்தவெளிப் பொழுதுபோக்கில் கூடாரமடித்து இரவு தங்குவதும் அடங்குமா என்று வழக்கு எழுந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அடங்காது என்றது. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடங்கும் என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மக்கள் பக்கமே தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. பட்டா இல்லாத மனிதனுக்கு ஓர் இரவு வானத்தைப் பார்த்துத் தூங்க உரிமை உண்டு என்று ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்வது சிறிய செய்தி அல்ல.

ஆனால் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடிய பலர் மேய்ச்சல்காரர்களைப் பற்றி எழுதியதைப் படித்தபோது வருந்தினேன். ஆடுகள் மூரை மொட்டையடித்துவிட்டன, எல்லாவற்றையும் கீழே இறக்கினால் காடு தானாக வந்துவிடும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்த காலத்தில் ஆடுகளின் எண்ணிக்கை நிலம் தாங்காத அளவுக்குப் பெருகியது. ஹெதர் செடிகள் பல இடங்களில் அழிந்தன. ஆனால் இன்று பல மேடுகளில் மோலினியா என்ற ஊதாப் புல் முழங்கால் உயரத்துக்கு மண்டி, வேறு எதையும் வளர விடாமல் மூடிக்கிடக்கிறது. ஆடு அதை விரும்பித் தின்னாது. கோடையில் மாடும் குதிரையும் மேய்ந்து மிதித்தால்தான் அது அடங்கும். எந்த விலங்கு, எந்தப் பருவத்தில், எத்தனை என்று கேட்க வேண்டிய இடத்தில், மேய்ச்சல் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதே பிழை. டேவிட் ஃபர்ஸ்டன் தலைமையில் அரசு அமைத்த குழு 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையும் மேய்ச்சலை ஒழிக்கச் சொல்லவில்லை.

நடப்பவரின் தன்னலத்துக்காகப் பார்த்தாலும் இதுதான் சரி. சட்டம் எனக்கு எங்கும் நடக்க உரிமை தந்திருக்கிறது. ஆனால் கால் வைக்க இடம் தருவது மாட்டின் வாய். கால்நடை குறைந்துவிட்ட சரிவுகளில் முள் நிறைந்த கோர்ஸ் புதரும், கோடையில் நெஞ்சளவு எழும் பெரணியும் பழைய தடங்களை மூடிவிடுகின்றன. அங்கே எந்த நீதிமன்றத் தீர்ப்பைக் கையில் வைத்திருந்தும் பயன் இல்லை.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் பெயர் தெரியாத ஒரு விவசாயி. முதல் ஆண்டில், கார் நிறுத்துமிடத்தில் ஒரு தாய்க் குதிரைக்கும் குட்டிக்கும் என் மகள் கேரட் கொடுத்தாள்; நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். கோபப்படவில்லை. இந்தக் குதிரைகள் காட்டு விலங்குகள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு என்றும், தீனி கிடைக்கும் என்று பழகிவிட்டால் அவை சாலையோரத்தை விட்டு அகலாது என்றும், இரவில் காரில் அடிபடுவது அப்படிப்பட்டவைதான் என்றும் நிதானமாகச் சொன்னார். தீனி போடுவது பூங்காவின் விதிப்படியே குற்றம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அன்று நான் செய்தது தவறு. அந்தக் குட்டி பிழைத்ததா என்று இன்றும் சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

எக்ஸெட்டர், பிளிமத் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் குதிரைகளை மேட்டிலிருந்து திரட்டி இறக்குவார்கள். அதை இங்கே ‘டிரிஃப்ட்’ என்கிறார்கள். விவசாயிகளும் அவர்கள் பிள்ளைகளும் குதிரை மேலும் நாற்சக்கர பைக்கிலும் நடந்தும் நாளெல்லாம் மூரைச் சுற்றி வளைத்து, தாயும் குட்டியுமாக ஓட்டி வந்து, யாருடையது எது என்று பிரிப்பார்கள். இந்த ஆண்டு நான் என் மகளை அழைத்துக்கொண்டு போகிறேன். நாயைப் பிடித்துக்கொண்டு, வழியை விட்டு விலகி, கல்மதில் ஓரமாக நின்று பார்க்க விரும்புகிறவர்கள் எங்களோடு வரலாம்.