சூடு ஆறாமல் மூட்டை கட்டாதீர்கள்
நாய், பூனைத் தீனிக் கம்பெனி தொடங்கிய அமெரிக்கர் பால் ஐயம்ஸ் பற்றிய கட்டுரையில் ஒஹையோ மாநிலப் பல்கலைப் படிப்பு, சோப்பு விற்பனை, 1946இல் கம்பெனி எல்லாம் இருக்கிறது. அவர் செய்த தீனியைப் பற்றித்தான் ஒன்றுமில்லை. உலர்தீனியில் தானியமே மேலோங்கியிருந்தபோது இறைச்சிப் புரதத்தை முன்னே வைத்தார், விஷயமே அதுதான்.

இத்தொழிலில் இறங்குகிறவர்களுக்கு: 100 கிலோ பச்சைக் கோழியில் ஏறக்குறைய 70 கிலோ தண்ணீர். கோழிமாவில் (வேகவைத்துக் காயவைத்து அரைத்த தூள்) ஈரம் குறைவு, ஆனால் எலும்பு கூடினால் சாம்பல் அளவு, அதாவது எரித்தபின் மிஞ்சும் தாது, ஏறும். எக்ஸ்ட்ரூடரில் (மாவைச் சூட்டோடு அழுத்தி வெளியே தள்ளும் எந்திரம்) வந்த உருண்டையை 10 சதவீத ஈரத்துக்குக் காயவைத்த பிறகே கொழுப்பைத் தெளியுங்கள். முன்னாலேயே மாவில் கொட்டினால் வழுக்கிக்கொண்டு போகும், பொரியாமல் கல்லாகிவிடும். சூட்டோடு கட்டிய மூட்டை உள்ளே வேர்க்கும், பூஞ்சை நிச்சயம். பூனைக்கு டாரின் என்ற அமினோ அமிலம் கட்டாயம். நாய்த்தீனியையே பை மாற்றிப் பூனைத்தீனி என்று விற்கிற ஆட்களும் உண்டு!