பின்வளவில் ஓக் வைக்காதீர்கள்: திரும்பவும் சொல்கிறேன்

போன ஞாயிறு லண்டனில் மேடை போட்டு, வீட்டு வளவில் நட எங்கட ஆக்களுக்கு ஓக் கன்று கொடுத்த விசயம்தான். எல்லாரும் படம் பார்த்திருப்பீர்கள், அதனால் திரும்ப விபரிக்கவில்லை. "சின்ன வளவில் இதை நடாதீர்கள், அப்பிள் வையுங்கள்" என்று அந்தப் படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதினேன். பின்னேரத்துக்குள் நான் "மரங்களின் எதிரி" ஆகிவிட்டேன். ஒருவர் "இன்சூரன்ஸ் கொம்பனியின் ஆள்" என்றார். இரவு பார்த்தால் அந்த இரண்டு வரியையும் காணோம். நல்லது. இரண்டு வரிக்கு அங்கே இடமில்லை என்றால் இங்கே நீளமாகவே எழுதலாம்.

லண்டனில் எங்கட ஆக்களின் பின்வளவு எவ்வளவு பெரிது? 6, 7 மீற்றர் அகலம், 15 மீற்றர் நீளம் இருந்தால் அதிர்ஷ்டசாலி. இங்கிலீஷ் ஓக் 20 மீற்றர் உயரம் போகிற மரம். இந்த நாட்டில் புதுவீடு கட்டுகிறவர்கள் பின்பற்றும் என்.எச்.பி.சி (வீட்டுக் கட்டுமானத் தர அமைப்பு) விதிகளில் ஓக் அதிகம் தண்ணீர் உறிஞ்சும் மரங்களின் பட்டியலில் இருக்கிறது. களிமண்ணில் அதன் பாதிப்பு எல்லையை, அதாவது வேரால் அத்திவாரம் பாதிக்கப்படக்கூடிய தூரத்தை, முழு உயரத்தின் ஒன்றேகால் மடங்காகக் கணக்கிடுவார்கள். அதாவது 25 மீற்றர். உங்கள் வளவின் கடைசி மூலையில் வைத்தாலும் உங்கள் வீடும், இரண்டு பக்கத்து வீடுகளும், பின்வீடும் அந்த எல்லைக்குள்தான். அப்பிளுக்கு இதே கணக்கு முக்கால் மடங்குதான். அதுவும் முழுதாக வளரும் அப்பிளுக்கு. குட்டை ஒட்டுக்கட்டையில் (அப்பிள் ஒட்டப்படும் வேர்ப்பகுதி) ஏற்றியது மூன்று மீற்றரோடு நின்றுவிடும்.

ஹரோ, வெம்பிளி பக்கம் பெரும்பாலும் லண்டன் களிமண். கோடையில் பெரிய ஓக் அந்த மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்க, மண் சுருங்கும். 1930களில் கட்டிய வீடுகளின் அத்திவாரம் பல இடங்களில் ஒரு மீற்றர் ஆழம்கூட இல்லை. மண் சுருங்கிய பக்கம் வீடு இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சரிவாக, மேலே அகலமாகக் கீழே ஒடுங்கலாக வெடிப்பு வரும். ஓகஸ்ட், செப்டெம்பரில் விரியும், மாரியில் கொஞ்சம் மூடும். அதைப் பூசி மறைத்து வீடு விற்கப் பார்த்தவர்கள் சர்வேயரிடம் பிடிபடுவார்கள். 1976 வரட்சியிலும் 2022 கோடையிலும் இப்படி வந்த இன்சூரன்ஸ் கோரிக்கைகள் குவிந்தன. இன்சூரன்ஸ் இருந்தாலும் இந்த வகைக்கு முதல் 1,000 பவுண் வழமையாக உங்கள் தலையில்தான். இதைச் சொன்னதற்குத்தான் நான் கொம்பனியின் ஆள்.

"எங்கட பக்கம் களிமண் இல்லை" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இருக்கலாம். ஈஸ்ட் ஹாம் பக்கம் ஆற்றுச் சரளை மண் உள்ள இடங்கள் உண்டு. ஒரு முழம் ஆழத்து ஈரமண்ணை எடுத்து விரலால் உருட்டிப் பாருங்கள். உடையாமல் கயிறாக நீண்டு வளையமாக மடிந்தால் களி. மடியாவிட்டால் அத்திவாரப் பயம் குறைவு. நிழலும், குப்பையும், அயலவரின் கோபமும் குறையாது.

அடுத்தது, "பெரிதானால் வெட்டிவிடலாம்தானே". இதைச் சொன்னவர் கன்று கொடுத்த ஆட்களில் ஒருவர்! மரம் வாழவேண்டும் என்று மேடையில் பேசிவிட்டுக் கீழே வந்து வெட்டலாம் என்கிறார். சரி, வெட்டுவோம். மரத்துக்குக் கவுன்சில் பாதுகாப்பு உத்தரவு போட்டிருந்தால் அனுமதியில்லாமல் ஒரு கிளைகூடத் தொட முடியாது. உங்கள் வீடு மரபுப் பாதுகாப்புப் பகுதியில் என்றால், தண்டு 75 மில்லிமீற்றர் தடித்தவுடனேயே, வெட்ட ஆறு கிழமை முன்னறிவித்தல் கவுன்சிலுக்குக் கொடுக்கவேண்டும். அனுமதியும் கிடைத்து வெட்டினீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பல வருடம் மரம் காய வைத்திருந்த களிமண் இப்போது தண்ணீரைக் குடித்து ஊதும். இறங்கிய வீடு தூக்கப்படும். எது நடந்தாலும் வெடிப்பு வெடிப்புத்தான். பக்கத்து வீட்டுச் சுவர் வெடித்தால் வழக்கு உங்கள் மேல் வரும், கன்று தந்தவர் மேல் அல்ல.

யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் ஆலமரம் நட்டவர் யாராவது உண்டா? ஆலுக்கும் அரசுக்கும் கோயில் வீதி இருந்தது, குளக்கரை இருந்தது. வீட்டு வளவில் மா, பலா, முருங்கை, தேசி. வேம்பைக்கூட சுவரை விட்டுத் தள்ளித்தான் வைத்தார்கள். மரத்தில் அன்பில்லாத சனமா அது? எந்த மரத்துக்கு எந்த இடம் என்று தெரிந்த சனம். இங்கே வந்து கோட் போட்டதும் அது மறந்துவிடுகிறது.

"ஓக் 2,300 உயிரினங்களுக்குத் துணை, உன் அப்பிளால் முடியுமா?" என்று கேட்டார்கள். முடியாது, அந்த எண்ணிக்கை உண்மை. 326 இனங்கள் ஓக்கை மட்டுமே நம்பி இருக்கின்றன. ஆனால் அந்த வாழ்வில் பெரும்பங்கு முதிய மரங்களில்: பொந்து, பட்டை வெடிப்பு, உளுத்த கிளை. ஓக் கொட்டை போடவே 40 வருடம் வேண்டும். 15 வருடத்தில் நீங்கள் வெட்டப்போகும் மரத்தில் இது எதுவும் வராது. பூச்சியும் பறவையும் வேண்டுமென்றால் பூங்காவில், பள்ளி மைதானத்தில், கவுன்சிலிடம் கேட்டு நடுங்கள், நானும் மண்வெட்டியோடு வருகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. ஓக் ஊர்வலப் புழு (ஓக் இலையைத் தின்று வரிசையாக ஊரும் மயிர்க்கொட்டி) 2006 முதல் லண்டனில் பெருகியிருக்கிறது. அதன் மயிர் பட்டால் தோல் தடிக்கும், கண் எரியும், சிலருக்கு இழைப்பு வரும். கூடு கண்டால் தொடாமல் வனத்துறைக்கு அறிவிக்கவேண்டும். பிள்ளைகளின் ஊஞ்சலுக்கு மேலே அது தேவையா?

வேலியாக வெட்டி வளர்க்கலாமே என்றார் ஒருவர். ஒவ்வொரு வருடமும் தவறாமல் வெட்டினால் முடியும். எங்கட ஆக்கள் புல்லை வெட்டுகிற ஒழுங்கு எனக்குத் தெரியும்.

இனி அப்பிள். கடையில் இனத்தின் பேரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். எந்த ஒட்டுக்கட்டை என்று கேளுங்கள், மரத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது அதுதான். எம்27 என்ற ஒட்டுக்கட்டையில் ஏற்றியது இரண்டு மீற்றருக்குள் நிற்கும், சட்டிக்கு ஏற்றது. எம்9 மூன்று மீற்றருக்குள். வேர் பலவீனம், ஆயுள் முழுக்க முட்டுத்தடி வேண்டும். எம்26 அதைவிடக் கொஞ்சம் பலம். எம்எம்106 நான்கு மீற்றர் வரும். எம்25 பெரிய மரமாகும், எங்களுக்கு வேண்டாம். கென்ற்றின் ஈஸ்ட் மோலிங் ஆய்வு நிலையமும், அந்தக் காலத்தில் மேர்ட்டனில் இருந்த ஜோன் இன்னஸ் நிலையமும் சேர்ந்து உருவாக்கிய வரிசை அந்த எம்எம் (மோலிங்-மேர்ட்டன்). எங்கட சனம் நிறைந்திருக்கும் அதே மேர்ட்டன்தான்! தண்ணீர் தேங்கும் களிமண்ணில் எம்எம்106க்கு அடித்தண்டு அழுகும். அங்கே மண்ணை 15, 20 சென்றிமீற்றர் மேடாக்கி நடவேண்டும்.

வெறும்வேர்க் கன்று (சட்டியும் மண்ணும் இல்லாமல் விற்பது) நட நவம்பர் முதல் மார்ச் வரை காலம், அதாவது இப்போது. குழி வேரின் அகலத்தைப் போல மூன்று மடங்கு அகலம், ஆழம் வேர் அளவே. குழிக்குள் பசளை போடவேண்டாம். ஒட்டு முடிச்சு (ஒட்டிய இடத்துப் புடைப்பு) மண்ணுக்கு மேலே 10 சென்றிமீற்றர் நிற்கவேண்டும். எங்கட ஆக்கள் அதிகம் பிழைவிடுவது இங்கேதான். "நல்லா ஆழமா நட்டால் உறுதி" என்று முடிச்சைப் புதைப்பார்கள். மேல் ஒட்டு தானே வேர்விட்டு, குட்டைத்தன்மை போய், மரம் தன் இஷ்டத்துக்கு ஓங்கும். பிறகு கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பார்கள். அடியில் ஒரு மீற்றர் வட்டம் புல் இல்லாமல் வையுங்கள், கூட்டெரு பரப்பினால் தண்டைத் தொடாமல் பரப்புங்கள். முதல் இரண்டு கோடையும் வரட்சியில் கிழமைக்கு 20 லீற்றர் தண்ணீர். முதல் வருடக் காயைக் கிள்ளிவிடுங்கள், மனம் கேட்காது என்றாலும்.

இனங்களில் டிஸ்கவரி ஓகஸ்டிலேயே பழுக்கும், நோய் குறைவு, ஆனால் வைத்திருக்க முடியாது. கொக்ஸ் சுவைக்காக வாங்குவீர்கள். ஈரக்களியில் அதற்குக் கிளைப்புண் நோய் வரும். பிரம்லி கறிக்கும் ஊறுகாய்க்கும் அருமையான புளிப்பு, ஆனால் அதன் மகரந்தம் மற்ற மரத்துக்கு உதவாது, அதற்கோ மற்றவற்றின் மகரந்தம் வேண்டும். லண்டனில் அயல் வளவுகளில் அப்பிள் இருப்பதால் பெரும்பாலும் காய்த்துவிடும். ஜூனில் தானாக உதிர்ந்தபின் ஒரு கொத்தில் ஒன்று, இரண்டு மட்டும் விடுங்கள். இல்லையென்றால் ஒரு வருடம் கொட்டும், அடுத்த வருடம் ஒன்றும் இராது. மாரியில் கிளையில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வெட்டாதீர்கள். மொட்டையடித்தால் நேர்க்குத்தாய்த் தண்ணீர்க் கிளை கிளம்பும், பூ வராது.

இந்த அளவு விளக்கம் கன்று கொடுத்த மேடையில் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். மாலை போட நேரம் இருந்தது. துண்டுப்பிரசுரத்தில் அனுசரணையாளர் பேர் இருந்தது, மரம் எவ்வளவு உயரம் வரும் என்ற ஒரு வரி இல்லை. கேட்டவனின் வரியைத் தூக்கிவிட்டார்கள். அப்பிளைத் திட்டியிருந்தால் எனக்குக் கவலையில்லை, அது பதில் சொல்லும். என்னைத் திட்டியவர்களில் இரண்டு பேருக்குப் போன மாரியில் கிளை வெட்டிக் கொடுத்தவன் நான்.

ஓக் கன்று வீட்டில் இருப்பவர்களுக்கு: வெயிலில் காயவிடாதீர்கள். ஈரச்சாக்கால் வேரைச் சுற்றுங்கள், அல்லது ஆழமான சட்டியில் தற்காலிகமாக வையுங்கள். மார்ச்சுக்குள் இடம் கிடைத்தால் அப்படியே மாற்றலாம். உங்கள் கவுன்சிலின் மரப்பிரிவுக்கு, அதை நட இடம் கேட்டு இன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எல்லாக் கவுன்சிலும் எடுக்காது, ஆனால் 30 பேர் சேர்ந்து கேட்டால் ஒரு மைதான மூலையாவது கிடைக்கும். விரும்புகிறவர்கள் கீழே உங்கள் பகுதியை மட்டும் எழுதுங்கள், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். இந்தப் பக்கத்தில் யாருடைய வரியும் அழிக்கப்படாது.