திங்கள் காலை திறந்து புதன் மதியம் மூடப்பட்ட உதவி

சென்ற மார்கழியில் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு லண்டனில் எங்கள் பகுதிக் கவுன்சில் (உள்ளூராட்சி சபை), நெருக்கடியில் இருக்கும் குடும்பங்களுக்கான உதவித்தொகை விண்ணப்பத்தைத் தன் இணையத்தளத்தில் திறந்தது. புதன்கிழமை மதியம், இந்தச் சுற்றுக்கான நிதி முடிந்துவிட்டது என்ற ஒற்றை வரியுடன் அது மூடப்பட்டது. சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தின் பின்னறையில் இருந்து வயதானவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவன் என்ற முறையில், அந்த இரண்டரை நாட்களில் நான் கண்டதை வைத்தே இதை எழுதுகிறேன். கவுன்சிலின் பெயரைத் தவிர்க்கிறேன். லண்டனில் பல இடங்களில் நடப்பது இதுதான்.

இந்தப் பணத்தின் கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013 ஏப்ரல் வரை, திடீரென்று கையில் காசில்லாமல் போனவர்கள் மத்திய அரசின் சமூக நிதியத்திடம் அவசரக் கடன் கேட்கலாம். அது ஒழிக்கப்பட்டு, இங்கிலாந்தில் பொறுப்பு உள்ளூர்க் கவுன்சில்களின் தலையில் வைக்கப்பட்டது. ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் தத்தம் நாடு முழுவதற்கும் ஒரே திட்டத்தை வைத்துக்கொண்டன. இங்கிலாந்திலோ அந்தப் பணத்தை இதற்குத்தான் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. சில கவுன்சில்கள் தம் திட்டத்தையே இழுத்து மூடின. பிறகு 2021 ஒக்டோபரில், கொரோனாக் காலத்து மேலதிக உதவிகள் நின்றுபோன வேளையில், வீட்டு ஆதரவு நிதி (Household Support Fund) வந்தது. இங்கிலாந்துக்கு முதற்சுற்றில் 421 மில்லியன் பவுண். மக்கள்தொகையையும் பகுதியின் வறுமை நிலையையும் கணக்கில் எடுத்து அது கவுன்சில்களுக்குப் பிரிக்கப்பட்டது. அன்றிலிருந்து 2026 மார்ச் 31 வரை ஏழு சுற்றுகள்.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தனியாக வசிக்கும் எழுபத்தொரு வயது அம்மா ஒருவர் இருக்கிறார். அரச ஓய்வூதியமும், அதற்கு மேல் வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு கொடுக்கும் பென்ஷன் கிரெடிட்டும் பெறுபவர். கவுன்சில் வரியில் அவருக்குக் கழிவு உண்டு. வாடகை உதவியையும் கவுன்சிலே கணக்கிட்டுக் கொடுக்கிறது. மின்சாரமும் எரிவாயுவும் முற்பணம் போட்டுப் பாவிக்கும் மீட்டரில்தான் ஓடுகின்றன. விண்ணப்பம் திறந்த செய்தி கோயிலில் யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. செவ்வாய் மாலை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கடிதக்கட்டுடன் என் வீட்டு வாசலில் நின்றார். படிவம் பதினொரு பக்கம். கவுன்சில் அனுப்பிய வரிக் கடிதத்தைப் படம் பிடித்து, அதே கவுன்சிலுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. படம் அளவில் பெரிது என்று இரண்டு தடவை திரும்பி வந்தது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அவர் கேட்டார்: "ஏன் தம்பி, நான் இஞ்ச இருக்கிறது கவுன்சிலுக்குத் தெரியாதோ? ராக்ஸ் கடிதம் மட்டும் பிழையில்லாமல் வருகுது." ராக்ஸ் என்று அவர் சொல்வது கவுன்சில் வரியை.

இரண்டு மாத வங்கிக் கூற்றையும் கேட்டிருந்தார்கள். அதில் மாதம் நாற்பது பவுண் வெளியே போயிருந்தது. வவுனியாவில் இருக்கும் தங்கைக்கு மருந்துச் செலவுக்கு அனுப்புவது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, அந்தக் கொடுப்பனவு என்னவென்று விளக்கம் கேட்டுக் கவுன்சிலிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவருக்கு மின்னஞ்சல் இல்லாததால் என் முகவரியைக் கொடுத்திருந்தேன். வேலை முடிந்து நான் அதைப் பார்த்தபோது மாலை ஐந்து மணி. நிதி முடிந்து நான்கு மணிநேரம் ஆகியிருந்தது. என் கவலையீனமும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு முதியவருக்குக் குளிர்காலத்தில் வீடு சூடாக இருப்பது, படிவம் நிரப்பிக் கொடுத்தவனின் வேலை நேரத்தில் தங்கியிருக்கலாமா? அதே தெருவில் மடிக்கணினியும் நல்ல ஆங்கிலமும் உள்ள இளம் தம்பதிக்குத் திங்கட்கிழமையே கிடைத்துவிட்டது. அவர்களுக்கும் இரண்டு குழந்தைகள், அவர்களுக்கும் தேவைதான். அவர்களிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறை, தேவையை ஓட்டப்பந்தயமாக மாற்றிய முறையோடு.

அந்த அம்மா இலங்கையில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர். நிவாரண அட்டையுடன் சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) வாசலில் நின்றவர். விதானையார் (கிராம அலுவலர்) கொட்டில் கொட்டிலாக வந்து பேர் பதிந்ததையும், குடும்ப எண்ணிக்கைப்படி அரிசியும் பருப்பும் சீனியும் அளந்து தந்ததையும் இன்றும் சொல்வார். அந்த முறையைத் தூக்கிப்பிடிக்க நான் வரவில்லை. விதானையாருக்கு வேண்டியவர்களின் பேர் முதலில் ஏறியதும், வேண்டாதவர்கள் அலைக்கழிந்ததும் எம்மவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அங்கே பட்டியல் மக்களைத் தேடி வந்தது. இங்கே பட்டியல் கவுன்சிலின் கணினிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. வரிக் கழிவு பெறுபவர் யார், வாடகை உதவி பெறுபவர் யார், இலவசப் பாடசாலை உணவு பெறும் பிள்ளைகள் யார் யார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பாடசாலை விடுமுறைக்கான உணவு வவுச்சர்களைப் பல கவுன்சில்கள் இதே நிதியிலிருந்து, யாரும் விண்ணப்பிக்காமலே, பெற்றோரின் கைபேசிக்கு அனுப்பி வந்திருக்கின்றன. பிள்ளைகளுக்குச் செய்ய முடிந்ததை முதியவர்களுக்குச் செய்ய முடியாது என்பதை நான் நம்பமாட்டேன். 2022 ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான சுற்றில், மூன்றில் ஒரு பங்காவது ஓய்வூதியர்களுக்குப் போக வேண்டும் என்று மத்திய அரசு விதித்திருந்தது. அடுத்த சுற்றிலேயே அந்த விதி எடுக்கப்பட்டுவிட்டது.

பட்டியலை மட்டும் நம்பவும் முடியாது. பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதி இருந்தும் கேட்காமல் இருப்பவர்கள் நாடு முழுவதும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கேட்காதவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. எம்மவர்களில் இது அதிகம் என்று, கணக்கெடுப்பு எதுவும் இல்லாமல், பின்னறை அனுபவத்தில் மட்டும் சொல்கிறேன். "எங்களை விடக் கஷ்டப்பட்ட சனம் இருக்குது, அதுகளுக்குக் குடுக்கட்டும்" என்று எழுந்து போனவர்களின் வீட்டில் மீட்டர் அணைந்து கிடந்ததைப் பிறகு அறிந்திருக்கிறேன். இரண்டு வேலை பார்த்தும் வாடகைக்கே போதாத குடும்பங்கள் வருமான வரம்பைச் சில பவுண்களால் தாண்டி, பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே ஒரு பகுதியை விண்ணப்ப முறையில் கொடுக்க வேண்டும் என்று 2022 இலையுதிர் காலச் சுற்றிலிருந்து அரசு சொன்னது நியாயமானதே. அந்த விண்ணப்பம் வருடம் முழுவதும், தொலைபேசியிலும் நேரிலும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். பட்டியலில் உள்ளவர்களுக்குக் கேளாமலே கொடுத்துவிட்டால், படிவத்தின் முன் நெரிசல் குறையும். உத்தியோகத்தருக்கும் ஒருவரின் கதையை இருந்து கேட்க நேரம் கிடைக்கும்.

கவுன்சில்களை மட்டும் குறை சொல்வதும் முறையல்ல. 2024 மார்ச் 31 அன்று முடியவிருந்த நிதி தொடரும் என்று அறிவிக்கப்பட்டது மார்ச் 6 ஆம் திகதி வரவுசெலவுத் திட்டத்தில், முடிய இருபத்தைந்து நாட்களே இருந்தபோது. அதுவும் ஆறு மாதத்துக்கு மட்டும். அந்த ஆறு மாதம் செப்டெம்பர் 30 இல் முடியவிருக்க, அடுத்த நீடிப்பு செப்டெம்பர் 2 இல் அறிவிக்கப்பட்டது. இப்படி மாதக் கடைசியில் சம்பளம் வருமா வராதா என்று இருக்கும் கவுன்சில், நிரந்தரமாக ஆள் வைக்காது. வந்த பணத்தைக் காலக்கெடுவுக்குள் தீர்க்கும் வழியைத்தான் பார்க்கும். வாசலைத் திறந்து, முந்தியவருக்குக் கொடுத்து, மூடுவது அதற்கு மிகச் சுலபமான வழி.

கொடுக்கும் வடிவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அம்மாவுக்கு அதற்கு முந்தைய வருடம் உதவி கிடைத்தது, ஒரு பெரிய பல்பொருள் அங்காடியின் வவுச்சராக. அந்த அங்காடி இரண்டு பஸ் தூரம். வழமையாக அவர் மரக்கறியும் சிவப்பரிசியும் வாங்கும் தமிழ்க் கடையில் அது செல்லாது, மீட்டருக்கும் போட முடியாது. தேவை வெப்பத்துக்கு, கிடைத்தது பாணும் பட்டரும். தபால் நிலையத்தில் காட்டிக் காசாக மாற்றும் குறியீட்டைச் சில கவுன்சில்கள் அனுப்புகின்றன. வங்கிக் கணக்கில் போடுவது அதைவிட மேல். ஏழைக்குக் காசு கொடுத்தால் வீணாக்குவான் என்ற பயத்துக்கு, இரண்டு மாத வங்கிக் கூற்றைத் துருவிப் பார்த்து நாற்பது பவுணுக்கு விளக்கம் கேட்பவர்களே ஆதாரம் காட்டட்டும்.

பொது நிதியைப் பெற முடியாது என்ற நிபந்தனையுடன் விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த உதவியைக் கேட்பதற்கு முன் குடிவரவுச் சட்ட ஆலோசகர் ஒருவரிடம் கேளுங்கள், முகநூலில் கேட்காதீர்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் வீட்டு ஆதரவு நிதிக்குப் பதிலாக நெருக்கடி மற்றும் மீண்டெழும் நிதி (Crisis and Resilience Fund) நடைமுறைக்கு வருகிறது. இங்கிலாந்துக்கு வருடம் 842 மில்லியன் பவுண். தொகை கூடியதாகத் தெரியும். ஆனால் பழைய நிதியின் கடைசி வருடத் தொகையான 742 மில்லியனுடன், வாடகைக்குக் கவுன்சில் தன் விருப்புரிமையில் கொடுத்து வந்த தனிக் கொடுப்பனவையும் சேர்த்தே இந்தக் கணக்கு வருகிறது. உண்மையில் புதிதாகக் கிடைத்திருப்பது பணமல்ல, காலம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீட்டாமல், பல வருடங்களுக்கு ஒன்றாக உறுதி கொடுத்திருக்கிறார்கள். காலக்கெடு நெருக்குகிறது என்ற சாட்டு இனிக் கவுன்சிலிடம் இல்லை.

2026 மே 7 அன்று லண்டன் பரோ கவுன்சில்கள் அனைத்துக்கும் தேர்தல். வேட்பாளர்கள் கோயிலுக்கு வருவார்கள், மாலை வாங்குவார்கள், சோறும் சாம்பாரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். மண்டபத்தில் பிடித்து நிறுத்தி இரண்டு கேள்வி கேளுங்கள். வரிக் கழிவு பெறும் முதியவர்களுக்கு இந்த நிதியிலிருந்து கேளாமலே பணம் போடுவீர்களா? விண்ணப்பம் வருடத்தில் எத்தனை நாள் திறந்திருக்கும்? அந்த அம்மாவை முன்வரிசைக் கதிரையில் இருத்துவதாக நான் நிர்வாக சபையிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். ராக்ஸ் கடிதத்தையும் கையோடு கொண்டு வருவதாக அவர் சொல்லியிருக்கிறார்.