ஜெயித்தவருக்கு மட்டும்தான் விளம்பரமா?
கோலாலம்பூர் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: பாட்டுப் போட்டியில் ஜெயித்தவருக்கு மட்டும்தான் இசை நிறுவனம் காசு போடுமாம், தோற்றவர்களை வேண்டுமென்றே அமுக்கிவிடுமாம். பிரிக்ஃபீல்ட்ஸில் தே தாரிக் குடித்துக்கொண்டே பேச நல்ல கதைதான், ஆனால் உண்மை இல்லை.

அமெரிக்கத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியான அமெரிக்கன் ஐடலின் 2006 போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தவர் டெய்லர் ஹிக்ஸ், கிரிஸ் டாட்ரிக்கு நான்காவது இடம்தான். அதே ஆண்டு நவம்பரில் டாட்ரி குழுவின் ஆல்பத்தை ஆர்சிஏ இசை நிறுவனம் வெளியிட்டது, அது அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலான பில்போர்டு 200-இல் முதலிடம் வரை போனது. ஹிக்ஸோ 2008 தொடக்கத்திலேயே தன் இசை நிறுவனமான அரிஸ்டாவை விட்டு வெளியே வந்துவிட்டார், இத்தனைக்கும் இரண்டு நிறுவனங்களுமே அப்போது சோனி பிஎம்ஜி கையில்தான் இருந்தன. 2010-இல் பிரிட்டிஷ் எக்ஸ் ஃபேக்டரில் மூன்றாவதாக வந்த பாட்டுக் குழுவான ஒன் டைரக்‌ஷனைச் போட்டி நடுவர் சைமன் கோவலின் சைகோ இசை நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. அப்புறம் அந்தக் குழு உலகப் புகழ் பெற்றது ஊருக்கே தெரியும்.

யார் ஆல்பம் விற்கும், எந்தப் பாட்டை வானொலி எடுக்கும் என்று பார்த்துத்தான் காசு இறக்குவார்கள். சதி என்று கத்துகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அன்றைய ஐடலில் இலவச எண்ணுக்கு அடித்து ஒரே ஆள் எத்தனை ஓட்டு வேண்டுமானாலும் போடலாம், ஆல்பத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், அதனால் ஓட்டில் ஜெயித்தவர் விற்பனையிலும் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாது.