அந்தக் கவிதைக்கு மார்க் போடச் சொன்னது யார்?

நானும் பேசாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ஒரு பையன் இணையத்தில் போட்ட கவிதையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அவன் எழுதிய 'தணிமை'க்குச் சிவப்பில் வட்டம் போட்டு, "என்டர் தட்டினால் கவிதையா?" என்று கேட்டு, நம் இலக்கியப் பெருமக்கள் இன்னும் சிரித்து முடித்தபாடில்லை.

அது உங்கள் பத்திரிகைக்கு அனுப்பிய கவிதை இல்லை சார். பதினாறு வயதில் தூக்கம் வராத ஒருவன், யாரிடமும் சொல்ல முடியாததை எழுதியிருக்கிறான். அதில் போய் படிமம் எங்கே, சந்தம் எங்கே என்று தேடுகிறீர்கள்.

"பொதுவில் போட்டால் விமர்சனம் வரத்தான் செய்யும்" என்கிறார் ஒரு நண்பர். நாற்பதைத் தாண்டியவர்கள் கூடி நின்று ஒரு பிள்ளையைக் கும்முவதற்குப் பெயர் விமர்சனமா? நல்லது.

அந்த வயதில் நான் கணக்கு நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து எழுதுவேன். வீட்டில் ஓயாத சண்டை. கதவுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் பறக்கும். இந்தப் பக்கம் நான் நிலாவைத் திட்டிக்கொண்டிருப்பேன். அத்தனையும் மட்டமான கவிதைகள், சந்தேகமே வேண்டாம். ஆனால் எழுதி முடிக்கும்போது கைநடுக்கம் நின்றிருக்கும். ஒருநாள் உறவுக்காரர் ஒருவர் அந்த நோட்டை எடுத்து, வந்தவர்கள் முன்னால் குரலை ஏற்றி இறக்கி வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும். அதோடு எழுதுவது நின்றது. வீட்டில் பேசுவதும் பாதி நின்றது.

"எழுதினால் எல்லாம் சரியாகிவிடுமா?" என்பவர்களுக்கு: 1986இல் வெளியான ஆய்வில், உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களை நாளுக்கு 15 நிமிடம், நான்கு நாள், மனதை அறுக்கும் விஷயத்தை எழுதச் சொன்னார். நடந்ததையும் அதன் வலியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. பலன் சிறியதுதான் என்கின்றன பின்னால் வந்த ஆய்வுகள். சிறியதாகவே இருக்கட்டும், அதையும் ஏன் பிடுங்குகிறீர்கள்?

"அவனுக்கு வேண்டியது டாக்டர், லைக் இல்லை." இது நியாயமான பேச்சு. சாவைப் பற்றி எழுதியிருக்கிறான், யாராவது அவனிடம் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் இத்தனை பேர் பகிர்ந்தீர்களே, ஒருவராவது இன்பாக்ஸில் போய் "தம்பி, நல்லா இருக்கியா?" என்று கேட்டீர்களா? றன்னகரம், டண்ணகரம் எல்லாம் கண்ணில் பட்டது. கடைசி இரண்டு வரி மட்டும் படவில்லை. அவ்வளவு கூர்மையான வாசகர்கள்!

அப்புறம், "சும்மா ஜாலிக்குத்தானே" என்று கமெண்டில் வருபவர்களை ப்ளாக் பண்ணுவேன். ஜாலிக்குத்தான்.