தேசநலன் என்று சொன்னதும் பேச்சு முடிந்துவிடுமா?

வெளியுறவுக் கொள்கை பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் "அறம் எல்லாம் சரி, தேசநலன்தானே முக்கியம்" என்பார். அதோடு எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். அந்தத் தேசநலனை யார் கணக்குப் போட்டார்கள், எத்தனை வருடத்துக்குப் போட்டார்கள் என்று கேட்பதே இல்லை. கேட்டே ஆக வேண்டும் என்பது என் வாதம்.

1971 மார்ச் 25 இரவு, அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தின் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் கொலைகளைத் தொடங்கியது. அங்கே அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவராக இருந்தவர் ஆர்ச்சர் பிளட். ஏப்ரல் 6 அன்று, தங்கள் அரசின் மௌனத்தைக் கண்டித்து அதிகாரிகள் 20 பேர் கையெழுத்திட்ட தந்தியை அவர் வாஷிங்டனுக்கு அனுப்பினார். பலரும் அறச்சீற்றத்தை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். பிளட் தன் பங்குக்குச் சேர்த்த குறிப்புதான் எனக்கு முக்கியம். கடைசியில் வங்காளிகள்தான் ஜெயிப்பார்கள், சுதந்திர வங்கதேசம் உருவாகும், தோற்கப்போகிறவர் பக்கம் நின்று வங்காளிகளின் கட்சியான அவாமி லீகின் நல்லெண்ணத்தை இழப்பது முட்டாள்தனம் என்று எழுதியிருந்தார். அதாவது அவர் பேசியதும் தேசநலன்தான்!

அமெரிக்க அதிபர் நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸிங்கரும் கேட்கவில்லை. சீனாவுடன் ரகசியமாகப் பேச பாகிஸ்தான் அதிபர் யாஹியா கான் தேவைப்பட்டார். ஜூலையில் கிஸிங்கர் பாகிஸ்தான் வழியாகவே பெய்ஜிங் போனார். அது பெரிய லாபம், மறுக்கவில்லை. ஆனால் டிசம்பரில் நடந்தது பிளட் சொன்னதுதான், வங்கதேசம் விடுதலை பெற்றது. அவரோ அதற்குள் டாக்காவிலிருந்து மாற்றப்பட்டிருந்தார்.

சின்ன நாடுகளிடம் நான் இவ்வளவு கறாராக இருக்க மாட்டேன். சிறையில் இருந்த சீன மனித உரிமைப் போராளி லியு ஷியாபோவுக்கு 2010இல் நார்வேயில் உள்ள குழு நோபல் அமைதிப் பரிசு கொடுத்ததற்காகச் சீனா நார்வேயை ஆறு வருடம் ஒதுக்கிவைத்தது. அந்த நெருக்கடியில் 2014இல் தலாய் லாமா ஓஸ்லோ வந்தபோது நார்வே பிரதமர் அவரைச் சந்திக்கவில்லை. வருத்தம்தான், ஆனாலும் புரிகிறது. இந்தியா அப்படிப்பட்ட நாடு இல்லை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசோடு ஆட மாட்டோம் என்று 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப்போட்டியையே விட்டுக்கொடுத்தோம். இன்றுவரை அந்தக் கோப்பை நம் கைக்கு வரவில்லை. அதனால் நாடு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இப்போது மியான்மருக்கு வருகிறேன். 1,600 கிலோமீட்டருக்கு மேல் எல்லை இருக்கும்போது அங்குள்ள ராணுவ ஆட்சியோடு பேசாமல் இருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு தப்பி வந்தவர்களைத் தடுக்கச் சொல்லி மத்திய உள்துறை எல்லை மாநிலங்களுக்கு எழுதியது சரியே இல்லை. அதை ஏற்க முடியாது என்று மிசோரத்தின் அப்போதைய முதல்வர் ஜோரம்தங்கா பிரதமருக்கே கடிதம் எழுதினார். வந்தவர்களில் பெரும்பாலோர் சின் மக்கள், மிசோக்களின் சொந்தங்கள். ஊர்க்காரர்களும் தேவாலயங்களும் சோறு போட்டு இடம் கொடுத்தார்கள். நாளை மியான்மர் தலைநகர் நேபிடாவில் யார் உட்கார்ந்தாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கப்போவது இந்தச் சின் மக்கள்தான். மிசோரம் சம்பாதித்த அந்த நல்லெண்ணம் இந்தியாவின் சொத்து. தப்பி வந்தவர்கள் தங்கும் முகாம்களின் செலவை டெல்லி ஏற்க வேண்டும், வெளியுறவுச் செலவாகவே.